நெல்லின் மேல் கேட்ட கைதட்டல்

மேடையேறியவுடன் அவையைக் கண்ணால் அளக்க வேண்டும் என்பது நான் முதலில் கற்ற பாடம். முன்வரிசையில் யார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், நடுவரிசையில் யார் பக்கத்திலிருப்பவரின் காதைக் கடிக்கிறார், கடைசி வரிசையில் யார் சுவரோடு சாய்ந்துவிட்டார் என்பதையெல்லாம், ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து புறப்பட்டு முடிவதற்குள் கண்டுகொள்வேன். பள்ளிக் காலம் தொடங்கிக் கல்லூரி இறுதியாண்டு வரை, பொருநைக் கரையில் நான் ஏறாத மேடை குறைவு. ஏறி வெறுங்கையோடு இறங்கிய மேடை அதனினும் குறைவு. பெருமையோடுதான் இதைச் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கு இந்த நினைவில் ஒரு பங்கு இருக்கிறது.

ஏனென்றால், ஒரு மாசி மாதத்துப் பிற்பகலில், ஒரே ஒருவர் மட்டும் அமர்ந்திருந்த ஓர் அவையை நான் தவறாக அளந்தேன். அந்த ஒருவர் என் அண்ணன். அவன் கைகளில் அப்போது ஸ்டியரிங் இருந்தது. பின்சீட்டில் அம்மா இருந்தாள்.

அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஓட்டுநர்களில் அவனைப் போல் கண்டிப்பானவனை நான் பார்த்ததில்லை. பெல்ட் போடும் ஓசை மூன்று முறை கேட்டால்தான் மூன்று பேர் ஏறிய வண்டி நகரும். பின்சீட்டில் எதற்கு என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே அவளைப் பார்த்தபடி இருப்பான். புடவையைச் சரிசெய்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே அவள் பெல்ட்டை இழுத்து மாட்டுவாள். அதன் பிறகே சாவி திரும்பும்.

அவன் வண்டியில் இன்னொரு சட்டமும் உண்டு. அது அவன் நிற்கும் வாடகைக் கார் நிறுத்தத்தில் எல்லோருக்கும் பொதுவானது. முன்சீட்டில் உட்காருகிறவர் உறங்கக் கூடாது; ஓட்டுகிறவருக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பக்கத்தில் ஒருவர் தலை சாய்ந்தால் அந்த உறக்கம் காற்றில் பரவி ஓட்டுகிறவரையும் தொட்டுவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இருக்கை யாருடையது என்ற கேள்வியே எழுந்ததில்லை. பேச்சுக் கொடுக்க என்னைவிடத் தகுதியானவர் யார்?

அன்று அம்பாசமுத்திரத்தில் எங்கள் மாமா மகளுக்கு மறுவீடு. முந்தின நாள் கல்யாணம். அன்று பகலில் பெண் வீட்டு விருந்து. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதி. தேங்காயைப் பிழிந்து முதற்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் எடுத்து, அதில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்து வைக்கும் அந்தக் குழம்பு, நாக்கில் படும்போது பட்டாக இருக்கும். வயிற்றில் இறங்கியபின் பாறையாக இருக்கும். அதற்கு மாற்றாக இலை ஓரத்தில் இஞ்சித் துவையல் வைப்பார்கள். சொதி உண்ட வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றுகொண்டிருப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

அண்ணன் அன்று விடியுமுன்னே விமான நிலையத்துக்கு ஒரு சவாரி போய்த் திரும்பியிருந்தான். ஏழு மணிக்கு வந்து, குளித்து, எங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். உறங்கினாயா என்று அம்மா கேட்டதற்கு, "வண்டியிலயே கொஞ்சம் சாஞ்சேன்ம்மா" என்றான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை.

பந்தியில் மாமா கரண்டியோடு அவன் இலைக்கு முன் வந்து நின்றார்.

"மருமவனே, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கிடணும்."

"போதும் மாமா. வண்டி ஓட்டணும்."

"அதுக்குத்தான் இஞ்சித் துவையல் வச்சிருக்கு. ஒரு உருண்டை உள்ள போனா சொதி இருந்த இடம் தெரியாது."

"அவன விடு. விடியக்காலம் ரெண்டு மணிக்கு எந்திச்சவன்" என்றாள் அம்மா.

"அப்பிடின்னா சாப்பிட்டுட்டு மச்சுல போய்ப் பைய படுக்கட்டும். அங்கன பாய் விரிச்சுத்தான் கெடக்கு. யாரு வெரட்டுதா?"

விரட்டியவள் நான்தான். பாளையங்கோட்டையில் அன்று மாலை மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்று. மூன்றரை மணிக்குப் பேசும் வரிசைக்கான சீட்டு எடுப்பார்கள். அப்போது அரங்கில் இல்லாதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். தலைப்பு 'ஆறும் ஊரும்'. அந்தத் தலைப்பு எனக்காகவே வைக்கப்பட்டதென்று நான் நினைத்திருந்தேன்.

அண்ணன் மாடிப்படியைப் பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

"அண்ணே, மூன்றரைக்கு அங்கன நிக்கணும்."

"தெரியும்ட்டி. ஏறு. உன் பேரு எங்கயும் போவாது."

இரண்டரைக்கு வண்டி புறப்பட்டது. மூன்று பெல்ட்டுகளின் ஓசையும் கேட்டது. அம்மாவின் மடியில் ஒரு கூடை. அதற்குள் மாமி கொடுத்தனுப்பிய சொதி, ஒரு தூக்குச்சட்டி நிறைய.

அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் பொதிகை மலை முதுகுப்பக்கம் போய்விடும். கண்ணாடியில் மட்டும் அதன் நீலம் சிறிது நேரம் கூடவே வரும். இரு பக்கமும் வயல். பிசானப் பருவ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அறுத்த வயலில் தாளடியின் மஞ்சள், அறுக்காத வயலில் கதிரின் பொன், நடுவே கால்வாயின் பச்சைத் தண்ணீர். மரங்கள் சாலையின் மேல் கிளை கோத்து நின்றன. அவற்றின் நிழலும் வெயிலும் மாறி மாறி முன்கண்ணாடியில் விழுந்து ஓடின. நிழல், வெயில், நிழல், வெயில். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டி நிற்க, ஊர்தான் எங்களை நோக்கி மிதந்து வருகிறதோ என்று தோன்றும். மனிதர் எவரையும் காணவில்லை. அந்தப் பள்ளத்தாக்கே உண்டு முடித்துப் படுத்துவிட்டது போலிருந்தது.

"அண்ணே, ஒருதரம் முழுசா பேசிப் பாக்கேன். நீ கேட்டுட்டே வா" என்றேன்.

"பேசு. நீ பேசினா எனக்கு உறக்கம் வராது."

அவன் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவன் என்னிடம் கேட்டது உதவி என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

பொதிகையில் தொடங்கினேன். என் உரை ஆற்றோடு நடந்து செல்லும் உரை. மலையுச்சியில் ஒரு துளியாக எழுந்து, பாபநாசத்தில் பாறைகளோடு வாதாடி, அம்பாசமுத்திரத்தில் சமதரையைக் கண்டு அமைதி கொண்டு, சேரன்மகாதேவியில் அகன்று, நெல்லையில் ஊரின் நடுவே நடந்து, கடைசியில் கொற்கைக்குப் போய்ச் சேரும். கடல் விலகிப்போன பழைய துறைமுகத்தின் முன் நின்று, அங்கே உரையை முடிப்பதாகத் திட்டம். அந்த முடிவை எழுத எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின.

"மலையில் பிறந்தாள், மண்ணில் நடந்தாள், நடந்த வழியெல்லாம் நெல்லாய் எழுந்தாள். கல்லைத் தொட்டாள், கல் குளிர்ந்தது. கரையைத் தொட்டாள், கரை ஊரானது..."

இப்படிப் போகும். ஒவ்வொரு வாக்கியமும் முன்னதன் தோளில் கை வைத்து நடக்கும்படி அமைத்திருந்தேன். ஏற்றம் வரும் இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்த வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு. தாழ்ந்த குரலுக்கு அவை காதைத் தீட்டிக்கொண்டு வரும். அந்த மூடிய வண்டிக்குள், இயந்திரத்தின் ஒரே சுருதி முழக்கத்தின் மேல், என் குரல் மிதந்ததை நானே கேட்டேன். அதைவிட நன்றாக நான் பேசியதில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

வீரவநல்லூர் தாண்டும்போது அண்ணன் பின்கழுத்தைத் தேய்த்தான். சொற்கள் அவனைச் சிலிர்க்க வைக்கின்றன என்று கருதினேன். சற்றுக் கழித்துப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். உணர்ச்சி மிகுந்தால் மனிதருக்குக் காற்று வேண்டும்தானே. "என்னண்ணே, நல்லா இருக்கா?" என்றேன். "ம்" என்றான். பேச்சின் இடையே கேள்வி கேட்டால் நல்ல அவை அப்படித்தான் விடை சொல்லும். ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் அவன் வண்டியை ஏற்றி இறக்கினான். அம்மா பின்னால் "பைய போலே" என்றாள். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். அவை ஈரமாக இருந்தன. என் அண்ணன் அழுகிறான், நான் அவனை அழ வைத்துவிட்டேன் என்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

சேரன்மகாதேவியில் என் உரையின் ஆறு அகலத் தொடங்கியது. நாங்களும் அந்த ஊரைத்தான் நெருங்கிக்கொண்டிருந்தோம். அந்த ஒற்றுமை என்னை மயக்கியது. அண்ணன் அசையவில்லை. முகம் நேராக, கண்கள் பாதி தாழ்ந்து, உதடு சற்றே பிரிந்து இருந்தான். மேடையிலிருந்து இப்படிப்பட்ட முகங்களை நான் கண்டிருக்கிறேன். சொல்லில் முழுவதும் கரைந்துபோன முகங்கள். அந்த நிலையைக் கலைக்கக் கூடாது என்று குரலை இன்னும் தாழ்த்தினேன்.

அப்போது கைதட்டல் கேட்டது.

சரசரவென்று, அடர்த்தியாக, கீழேயிருந்து எழுந்து வண்டி முழுவதையும் நிறைத்த கைதட்டல். அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஐயுறவே இல்லை. ஒரு கணம், முழுதாக ஒரு கணம், அதை என் உரைக்கு உரியதாகவே ஏற்றுக்கொண்டேன்.

"ஏலே!"

அம்மாவின் குரல். அண்ணன் தலை வெட்டி நிமிர்ந்தது. அவன் பிரேக்கை மிதித்தான்; வண்டி நிற்கவில்லை. வழுக்கியது. முன்னால் சாலையோர மண்ணில் நட்ட நீலக்குடை ஒன்று நின்றது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பெல்ட் என் மார்பைப் பிடித்து நிறுத்தியது. சக்கரத்தின் கீழ் எதுவோ நசுங்கும் ஓசை கேட்டு, எல்லாம் நின்றது.

சாலையின் இடப்பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். நாங்கள் அதன் மேல் நெடுந்தூரம் ஓடி வந்திருந்தோம். கைதட்டல் என்று நான் கேட்டது, டயருக்கடியில் நெல் நெரிபட்ட ஓசை. விரித்த நெல்லின் மேல் பிரேக் பிடிக்காது. மணிகள் உருண்டு வண்டியைச் சுமந்துகொண்டு போகும். இதை அண்ணன்தான் பிறகு சொன்னான். காயும் நெல்லைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விலகிப்போவது அவனுக்கு மூச்சு விடுவது போல. அன்று அவன் அதைக் காணவில்லை.

குடைக்கடியில் யாரும் இல்லை. குடைக்கு உரியவள் சாலையின் அந்தக் கோடியில், வெயிலில், காலால் நெல்லைத் துழாவி வரி வரியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. அவள் ஓடிவரவில்லை. நடந்தே வந்தாள். குடைக்கடியில் குனிந்து, முன்சக்கரத்தின் கீழ்த் தட்டையாகிக் கிடந்த தன் தூக்குச்சட்டியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"எய்யா, இப்பத்தான் எந்திச்சுப் போனேன். சாப்பிட்டுட்டு அங்கனதான் உக்காந்திருந்தேன்."

அண்ணன் இறங்கி நின்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"உறங்கிட்டியோ?" என்றாள் அவள். அதட்டலாக இல்லை, ஒரு விவரம் கேட்பது போல.

"ஆமாக்கா."

"ரோட்டுல நெல்ல விரிச்சுப் போட்டிருக்கீகளே" என்று நான் தொடங்கினேன். எதிர்வாதம் என் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும்.

"களம் எங்கன இருக்குன்னு காட்டு, அங்கன கொண்டு போறேன். தப்புத்தான். அதுக்குத்தான் கல்லு வச்சிருக்கேன், குடை வச்சிருக்கேன். கண்ணு தொறந்திருக்கவனுக்குத் தெரியும்."

அம்மா இறங்கி வந்து, கூடையிலிருந்த தூக்குச்சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"உங்க சட்டிய நசுக்கிட்டான். இத வச்சுக்கோங்க. உள்ள சொதி இருக்கு. மறுவீட்டுக்குப் போயிட்டு வாறோம்."

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதத் தின்னுட்டா ஓட்டினான்? நல்ல ஆளு. நான் இத இப்பம் தொட மாட்டேன்ம்மா. பொழுது சாயுற வரைக்கும் நெல்லக் காக்கணும்."

அம்மா சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரிக்க முயன்றான். வண்டியைப் பைய எடுத்துச் சாலையோர மரநிழலில் நிறுத்தினான். கால்வாயில் இறங்கி முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டு ஏறி வந்தான். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ஏறு. இன்னும் நேரம் இருக்கு."

மணி மூன்று. அரை மணிக்குள் பாளையங்கோட்டை போய்விடலாமா என்று என் மனம் கணக்குப் போட்டது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கைதட்டலென்று நான் நினைத்தது எதுவென்று தெரிந்த பிறகும், அந்த அரங்கின் ஒலிபெருக்கி என்னை அழைத்துக்கொண்டுதான் இருந்தது. அப்போது அண்ணன் கொட்டாவி விட்டான். தாடையிலிருந்து கால்வாய்த் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்த நீர் அவன் முகத்தை மட்டும்தான் எழுப்பியிருந்தது.

"அண்ணே, கொஞ்ச நேரம் படு."

"முழிச்சுட்டேன்ட்டி. இந்த அதிர்ச்சிக்கு இனி ஒரு வாரம் உறக்கம் வராது."

நான் வாதாடினேன். எனக்குத் தெரிந்த வகையில், முறையாக வாதாடினேன். அதிர்ச்சி தரும் விழிப்பு பத்து நிமிடத்தில் வடிந்துவிடும் என்றேன். இரவு உறங்காத உடல் பகலில் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும் என்றேன். காற்றும் தண்ணீரும் பேச்சும் உறக்கத்துக்கு எதிரே நிற்க வலுவில்லாதவை, உறக்கத்துக்கு உறக்கம் மட்டுமே பதில் என்றேன். அந்தப் பெண் அமர்ந்திருந்த இடத்தைச் சுட்டிக்காட்டினேன். அம்மாவைச் சுட்டிக்காட்டினேன். அவன் ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். வாதத்தில் நான் வென்றேன். அவன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

"நீ சொல்லுததெல்லாம் சரிதான். உன்னைக் கொண்டுபோய் எறக்கிட்டு அங்கனயே படுத்துக்கிடுதேன். பதினோரு நாளு எழுதின பேச்சுல்லா."

பதினொரு நாள் என்பதை அவன் எண்ணிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அவனை ஓட்ட வைத்திருப்பது அவன் பிடிவாதம் என்று நினைத்து அதனோடு மோதிக்கொண்டிருந்தேன். அங்கே பிடிவாதம் எதுவும் இல்லை. மூன்றரை மணி ஒன்றுதான் இருந்தது; அதுவும் என்னுடையது. நான் கைபேசியை எடுத்தேன். போட்டியை நடத்துகிறவர்களின் எண் என்னிடம் இருந்தது. அண்ணன் காதுபடவே பேசினேன்.

"ஐயா, இறுதிச் சுற்றில் பேச வேண்டியவள். என்னால் வர இயலவில்லை."

தாமதமாகுமா என்று கேட்டார்கள். சீட்டு எடுப்பதைக் கால் மணி நேரம் தள்ளிவைக்கப் பார்க்கிறோம் என்றும் சொன்னார்கள். அந்த இரக்கம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. தள்ளிவைத்தால் அந்தக் கால் மணியையும் அண்ணன் ஓட்டித்தான் பிடிப்பான்.

"வேண்டாம் ஐயா. பெயரை எடுத்துவிடுங்கள்."

என் வாழ்வில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இயந்திரத்தை அணைத்தான். அந்த முழக்கம் நின்றதும் கால்வாயின் ஓசை கேட்கத் தொடங்கியது. அது அதுவரையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டிக்கியைத் திறந்து, காத்திருக்கும் நேரங்களுக்காக வைத்திருந்த கோரைப்பாயை எடுத்து, மரத்தடியில் விரித்தான். தலை பாயைத் தொடுவதற்குள் உறங்கிவிட்டான். அவன் அப்படி உறங்கியதைக் கண்டபோது, சற்று முன்வரை என்ன நிலையில் அவன் எங்களைச் சுமந்து வந்தான் என்பது எனக்கு உறைத்தது.

அதன்பின் நடந்தது மிகக் குறைவு. ஆனால் அந்த நாளில் எனக்கு மிகத் துலக்கமாக நினைவிருப்பது அந்தக் குறைவுதான்.

நிழல் பாயின் மேல் நகர்ந்தது. ஒரு கொக்கு அறுத்த வயலில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து நடந்தது; எதையோ மறந்துவிட்டு நினைவுபடுத்திக்கொள்வது போல் நடுநடுவே நின்றது. கால்வாய்த் தண்ணீரில் மரத்தின் தலைகீழ் உருவம் அசைந்தது. அதில் ஓர் இலை விழுந்து, தன் நிழலோடு சேர்ந்து, கிழக்கே போனது. இந்தத் தண்ணீரும் வயல் வயலாகப் பாய்ந்து, குளம் குளமாகத் தங்கிக் கடைசியில் எங்கோ ஆற்றையே சேரும் என்று நினைத்துக்கொண்டேன். காய்ந்த நெல்லின் வாசம் வெயிலோடு கலந்து வந்தது. அம்மா மடியில் கொஞ்சம் நெல்லை வைத்துக்கொண்டு, நசுங்கிய மணிகளைத் தனியே பொறுக்கினாள். யாரும் அதை அவளிடம் கேட்கவில்லை.

மூன்றரை ஆனது. தொலைவில் ஓர் அரங்கில் என் பெயர் இல்லாத சீட்டுகளை யாரோ குலுக்குவதை நான் கண்டேன். கண்ணை மூடாமலே கண்டேன். அங்கே வேறு ஒருத்தி ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்தாள். அவளுடைய ஆறு எங்கே தொடங்கியிருக்கும் என்று எண்ணினேன். எனக்கு வலித்தது. பாயில் அண்ணனின் மார்பு ஏறி இறங்கியது. அதைப் பார்ப்பேன், வலிக்கும், மறுபடி பார்ப்பேன். இரண்டும் ஒன்றையொன்று கலைக்காமல் அருகருகே இருந்தன.

நெல்லுக்காரி ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு நிழலுக்கு வந்தாள்.

"நீ பேச்சுப் போட்டிக்காரியாமே. உங்கம்மா சொன்னா. ஏதாவது பேசேன், கேப்போம். இங்கன ஒரு சத்தமும் இல்லாம கெடக்கு."

எதிரே ஓர் அவை. கேட்கத் தயாரான அவை. என் நெஞ்சில் முழு உரையும் அப்படியே நின்றது.

"அவன் உறங்குதான்க்கா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்ணன் எழுந்தபோது மணி நாலே கால். எழுந்து உட்கார்ந்து, எந்த ஊர் என்று தெரியாதவன் போல் வயலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பேர எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"திட்டினாங்களாட்டி?"

"இல்ல. மரியாதையாத்தான் பேசினாங்க."

பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். எங்கள் சக்கரங்கள் கலைத்துப் போட்ட நெல்லை, நெல்லுக்காரியோடு சேர்ந்து காலால் ஒதுக்கி ஒதுக்கி இடம் சேர்த்தான். நானும் இறங்கினேன். தாரின் சூடு நெல்லுக்குள்ளிருந்து பாதத்தில் ஏறியது. சாலைப் பக்கம் அவள் வைத்திருந்த கற்களை எடுத்துவிட்டுத் தூரத்திலிருந்தே தெரியும்படி இலைக் கொத்துகளை ஒடித்து அடுக்கி வைத்தான் அண்ணன். கல்லில் ஏறினால் இருசக்கர வண்டிக்காரன் விழுந்துவிடுவான் என்று அவளிடம் சொன்னான். "அதுவும் சரிதான்" என்றாள் அவள்.

மூன்று பெல்ட்டுகளின் ஓசை கேட்டது. முதலில் கேட்டது அம்மாவுடையது.

அந்தப் பயணத்தின் மீதியில் நான் உரையாற்றவில்லை. கேள்வி கேட்டேன். அடுத்த வேகத்தடை எங்கே வரும் என்று கேட்டேன். வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒன்று பத்தமடைக்கு முன்னால் இருப்பதாகச் சொன்னான். ஆட்டு மந்தை எந்நேரத்துக்குச் சாலையைக் கடக்கும், எந்த வளைவில் பஸ் நின்று ஆள் இறக்கும், மழை பெய்தால் எந்தப் பாலத்தில் தண்ணீர் தேங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு கதை இருந்தது. நான் ஆற்றை அறிந்திருந்ததைவிட அவன் சாலையை நன்றாக அறிந்திருந்தான். பேச்சுக் கொடுப்பது என்று அவர்கள் சொல்வது ஓட்டுகிறவரைப் பேச வைப்பதை. என்னைப் போன்றவர்கள் அதை வேறாக எடுத்துக்கொள்வார்கள் என்று வாடகைக் கார் நிறுத்தத்தில் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சந்தம் தவறாத ஒரு குரல், வெயிலும் நிழலும் மாறி மாறி விழும் சாலை, வயிறு நிறையச் சொதி: தொட்டில் ஆட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்றும் முன்சீட்டு எனக்குத்தான். அவன் விடை வாக்கியமாக வரும்வரை போகிறோம். விடை 'ம்' ஆகக் குறுகினால், கழுத்தை ஒருதரம் தேய்த்தால், கண்ணாடியை இறக்கினால், நிழலைப் பார்த்து ஒதுங்கச் சொல்கிறேன். அவனும் ஒதுங்குகிறான். எங்கே போவதானாலும், எத்தனை மணிக்கு வந்தாக வேண்டும் என்பதை மட்டும் அவனிடம் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பயணத்துக்கு மறுநாள் காலை நான் படித்துக்கொண்டிருந்தேன். அவன் இரவு முழுவதும் உறங்கியிருந்தான். முகத்தில் பாயின் கோடுகள் இருந்தன. காப்பி டம்ளரோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஏட்டி, நேத்து எது வரைக்கும் கேட்டேன்னு யோசிச்சேன். ஆறு சேரன்மாதேவிக்கு வந்து அகலுது. அதோட சரி. அங்கனயே நிக்குது."

"அதுக்கு?"

"கொற்கைக்குக் கொண்டுபோய் விடு. பாவம், எவ்வளவு நேரம் நிக்கும்."

நான் எழுந்து நின்றேன். முன்வரிசையில் ஓர் ஆள். அடுக்களை வாசலில், கரண்டியோடு, இன்னோர் ஆள். சேரன்மகாதேவியிலிருந்து தொடங்கினேன். நெல்லையைக் கடந்தேன். கடல் விலகிப்போன துறைமுகத்துக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தினேன். உடனே நிறுத்தி அவன் கண்களைப் பார்த்தேன்.

"முழிச்சுத்தான் இருக்கேன்" என்றான். "மேல சொல்லு."